இரண்டு ஓநாய்களும் ஒரு விளக்கும்

நிறமாலைமானியை வைத்துப் பாதரச ஆவி விளக்கின் கோடுகளை அளக்கும் சோதனையை இயற்பியல் மாணவர்கள் எல்லோரும் செய்திருப்பார்கள். இருட்டறையில் தொலைநோக்கியை மெல்லத் திருப்பத் திருப்ப மஞ்சளில் இரண்டு, பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று, ஊதாவில் ஒன்று எனக் கோடுகள் வரிசையாக வந்து நிற்கும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி அந்த மேசைக்கு வரத் தயங்கி வாசலிலேயே நின்றாள். காரணம் கேட்டேன். “எனக்கு லூபஸ் சார். புற ஊதாக் கதிர் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்” என்றாள்.

லூபஸ் என்னும் பெயர் எனக்குத் தெரிந்த பெயர்தான். டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் லூபஸ் நோயை ஒளியைக் கொண்டு குணப்படுத்தி 1903ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார் என்று எப்போதோ படித்திருந்தேன். ஆசிரியர்களுக்கே உரிய அவசரத்தோடு, “அது ஒளியாலேயே குணமாகிற நோய் ஆயிற்றே அம்மா, அதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்களே!” என்று சொல்லிவிட்டேன். அவள் என்னோடு வாதாடவில்லை. “போன வருஷம் விளையாட்டு விழாவில் வெயிலில் நின்றேன் சார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாயிற்று” என்று மட்டும் சொன்னாள்.

ஃபின்சன் ஒளியால் லூபஸைக் குணப்படுத்தியது உண்மை. அவள் வெயிலில் நின்று லூபஸ் முற்றிப் படுத்ததும் உண்மை. ஒரே நோய்க்கு ஒளி மருந்தாகவும் நஞ்சாகவும் இருக்க முடியுமா? அன்று மாலை நூலகத்திற்குப் போனவன், பல வாரங்கள் இதையே படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பெயர் வந்த கதை

‘லூபஸ்’ என்பது இலத்தீன் மொழியில் ஓநாயைக் குறிக்கும் சொல். ஐரோப்பாவில் இடைக்காலத்திலேயே இது ஒரு நோயின் பெயராகவும் வழங்கியது. முகத்தின் சதையை, குறிப்பாக மூக்கையும் கன்னத்தையும், ஓநாய் கடித்துத் தின்றதுபோல் அரித்துக்கொண்டு போகும் புண் எதுவாக இருந்தாலும் அதற்கு லூபஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குள் புற்று இருந்திருக்கலாம், காசம் இருந்திருக்கலாம், மேக நோய் இருந்திருக்கலாம். நோய்க்கு அதன் காரணத்தைக் கொண்டு பெயரிடும் காலம் அன்று வரவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பெயரிட்டார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் மருத்துவர் இராபர்ட் வில்லன் தோல் நோய்களை, தாவரவியலார் செடிகளை வகைப்படுத்துவதுபோல் முறையாக வகைப்படுத்தத் தொடங்கினார். அதன் பின் லூபஸ் என்னும் சொல்லின் பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. முகத்தில் பழுப்பு நிறத்தில் சிறு முடிச்சுகளாகத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் மெல்லப் பரவி, மூக்கின் குருத்தெலும்பையும் அரித்துவிடும் நோய் ‘லூபஸ் வல்காரிஸ்’, அதாவது சாதாரண லூபஸ், எனப்பட்டது. 1882ஆம் ஆண்டு இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த பிறகு, இதுவும் அந்தக் கிருமியின் வேலைதான் என்பது உறுதியாயிற்று. தோலில் வந்த காசம் அது.

இதற்கிடையே பாரிஸ் நகரின் செயிண்ட் லூயி மருத்துவமனையில் வேறொரு நோயாளிக் கூட்டத்தையும் மருத்துவர்கள் கவனித்து வந்தார்கள். இவர்கள் முகத்திலும் தழும்பு விழுந்தது. ஆனால் முடிச்சும் அழுகலும் இல்லை. சிவந்த தட்டையான திட்டுகள், மேலே செதில், ஓரத்தில் பரவி நடுவில் வற்றும் போக்கு. இவற்றை முதலில் விவரித்தவர் பியெட். அவருடைய மாணவர் கசெனாவ் 1851ஆம் ஆண்டு வாக்கில் இதற்கு ‘சிவந்த லூபஸ்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இன்று உலகெங்கும் ‘லூபஸ் எரித்திமட்டோசஸ்’ என்று வழங்குவது இதுவே. வியன்னாவில் ஹெப்ரா என்பவர் இரு கன்னங்களிலும் மூக்குத் தண்டிலும் படரும் இந்தச் சிவப்பை இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சிக்கு ஒப்பிட்டார். அந்த உவமை இன்றும் பாடநூல்களில் உயிரோடு இருக்கிறது. அவருக்குப் பின் வந்த கபோசி 1872ஆம் ஆண்டு, இது தோலோடு நிற்கும் நோய் அல்ல, காய்ச்சலும் மூட்டு வலியும் உள்ளுறுப்புக் கேடும் சேர்ந்து உயிரையே பறிக்கக்கூடியது என்று எழுதினார்.

கசெனாவ் வேறு பெயர் வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் ‘லூபஸ்’ என்பதால் இரண்டும் ஒரே குடும்பம் என்னும் எண்ணம் மருத்துவர்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. ஒன்றுக்குக் காரணம் காசம் என்றால் மற்றதற்கும் எங்கோ மறைந்திருக்கும் காசம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டிலும் பலர் நம்பினார்கள். இனி விளக்கின் கதைக்கு வருவோம்.

வெயிலைத் தேடிய மனிதர்

நீல்ஸ் ரைபர்க் ஃபின்சன் 1860ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஃபாரோ தீவுகளில் தோர்சாவன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். குடும்பம் ஐஸ்லாந்து வழி வந்தது. வட அட்லாண்டிக் கடலில் உள்ள அந்தத் தீவுகளில் குளிர்காலத்தில் சில மணி நேரம்தான் பகல். அதிலும் மேகமும் மூடுபனியும். நம் ஊரில் வெயிலைக் கண்டால் ஒதுங்குகிறோம். அங்கே வெயில் வந்தால் வாசலில் வந்து நிற்பார்கள்.

கோபன்ஹேகனில் மருத்துவம் படிக்கும்போதே அவரை நோய் பிடித்துக்கொண்டது. இதயத்தைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகி, கல்லீரல் வீங்கி, வயிற்றில் நீர் சேரும் கொடிய நோய். 1890இல் பட்டம் பெற்று, பல்கலைக்கழகத்தில் உடற்கூறு மாணவர்களுக்குப் பிண அறுவையில் உதவும் பணியில் சேர்ந்தார். வாடகைக்கு இருந்த அறையில் வெயில் விழாது. வெயிலில் இருந்தால் உடம்பு சற்றுத் தெம்பாக இருப்பதாக அவருக்குப் பட்டது. கீழே கூரையில் படுத்திருந்த பூனை ஒன்று, நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து வெயிலிலேயே படுப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வார்கள். இத்தகைய கதைகளை நான் முழுதும் நம்புவதில்லை. நியூட்டனின் ஆப்பிளும் இப்படித்தானே! ஆனால் அவர் செய்த சோதனைகள் எழுத்தில் உள்ளன.

தம் முன்கையில் கறுப்பு மையால் ஒரு பட்டை வரைந்துகொண்டு வெயிலில் உட்கார்ந்தார். மையைக் கழுவியபோது பட்டை இருந்த இடம் வெளுப்பாகவே இருந்தது. சுற்றிலும் தோல் சிவந்து, சில நாளில் கறுத்தது. பிறகு மையில்லாமல் மறுபடி வெயிலில் உட்கார்ந்தார். இம்முறை வெளுத்த பட்டை சிவந்தது. முன்பே கறுத்திருந்த இடம் அசையவில்லை. தோல் ஒளியின் தாக்குதலை உணர்ந்து, நிறமி என்னும் திரையைத் தானே போட்டுக்கொள்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா? வெயிலில் தோல் கன்றுவது சூட்டினால் அல்ல, புற ஊதாக் கதிர்களால் என்று சுவீடன் நாட்டு விட்மார்க் 1889இலேயே காட்டியிருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஃபின்சனுடைய ஆராய்ச்சி ஒளியின் தீமையிலிருந்துதான் தொடங்கியது. 1893ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை பெரியம்மை பற்றியது. சிவப்புக் கண்ணாடியோ சிவப்புத் திரையோ போட்ட அறையில் நோயாளியை வைத்து, ஊதாவையும் புற ஊதாவையும் தடுத்துவிட்டால், கொப்புளங்கள் சீழ் வைக்காமல், தழும்பில்லாமல் வற்றும் என்றார். ஒளிப்படம் கழுவும் இருட்டறையில் சிவப்பு விளக்கு வைப்பதும் இதே தத்துவம்தான். பெரியம்மை முறை நிலைக்கவில்லை. ஆனால் ‘தீமை செய்யும் அளவுக்கு வலிமை உள்ள கதிரை நன்மைக்குத் திருப்பினால் என்ன?’ என்று அவர் அடுத்த அடியை எடுத்து வைத்தார். அந்தத் திருப்பம்தான் அவருடைய மேதைமை என்பது என் கருத்து.

ஒளி கிருமிகளைக் கொல்லும் என்பது அப்போது தெரிந்த செய்தி. இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் 1877இல் இதைக் கண்டறிந்திருந்தார்கள். நிறமாலையின் ஊதா முனைக்கே இந்த ஆற்றல் மிகுதி. லூபஸ் வல்காரிஸின் கிருமி தோலில்தான் இருக்கிறது. அப்படியானால் விளக்கைக் காட்டினால் போதாதா?

போதாது. தடை எங்கே என்பதை ஃபின்சன் ஓர் அழகிய சோதனையால் கண்டுபிடித்தார். ஒருவருடைய காதுமடலுக்குப் பின்னால் வெள்ளிக் குளோரைடு தடவிய ஒளிப்படத்தாளை வைத்து, முன்புறம் நீல ஊதா ஒளியைப் பாய்ச்சினார். 5 நிமிடம் ஆகியும் தாள் கறுக்கவில்லை. அடுத்து அதே காதுமடலை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே இறுக்கி, இரத்தம் வடிந்து மடல் வெளுக்கும்படி செய்தார். 20 விநாடிகளில் தாள் கறுத்துவிட்டது! கதிர்களை வழிமறித்தது தோல் மட்டுமல்ல, அதில் ஓடும் இரத்தம்.

அவருடைய கருவியின் அமைப்பு முழுவதும் இந்த ஒரு சோதனையிலிருந்து பிறந்தது. 50 முதல் 80 ஆம்பியர் வரை மின்னோட்டம் பாயும் பெரிய கார்பன் வில் விளக்கு நடுவில் தொங்கும். அதைச் சுற்றித் தொலைநோக்கிகள்போல் நான்கு குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒளியைக் குவிக்கும் வில்லைகள். வெப்பத்தை உறிஞ்சக் குழாய்க்குள் நீர். ஒவ்வொரு குழாய்க்குக் கீழும் ஒரு நோயாளி படுத்திருப்பார். பக்கத்தில் ஒரு செவிலி, குவார்ட்ஸ் படிகத்தால் ஆன, உள்ளே குளிர்ந்த நீர் ஓடும் ஒரு சிறு கருவியைப் புண்ணின் மேல் அழுத்திப் பிடித்திருப்பார். அழுத்துவதால் இரத்தம் விலகும். நீர் ஓடுவதால் தோல் சுடாது. கண்ணாடி புற ஊதாவைத் தடுக்கும் என்பதால்தான் குவார்ட்ஸ். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல். ஒரு வேளையில் ஒளி படும் இடம் ஒரு சிறு நாணய அகலம்தான். நாளும் இப்படியே, மாதக்கணக்கில்.

முதல் நோயாளி கோபன்ஹேகன் மின்நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பொறியாளர். மின்சாரம் இருந்த இடமும் அதுதானே! 1895ஆம் ஆண்டு நவம்பரில் அங்கேயே சிகிச்சை தொடங்கியது. வேறு எதற்கும் மசியாத புண் சில மாதங்களில் ஆறிவிட்டது. அதுவரை இந்நோய்க்கு இருந்த மருத்துவத்தைக் கேட்டால் உடம்பு கூசும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடுவார்கள், கூரிய கரண்டியால் சுரண்டி எடுப்பார்கள், பாஷாணம் கலந்த களிம்பால் சதையைக் கரைப்பார்கள். நோயைவிட வைத்தியத்தின் தழும்பு பெரிதாக இருக்கும். நோயாளிகள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு திரிந்தார்கள். வேலை கொடுப்பார் இல்லை.

1896இல் ஃபின்சன் ஒளி மருத்துவ நிலையம் தொடங்கப்பட்டது. 1901 வரை அங்கே சிகிச்சை பெற்ற 804 லூபஸ் நோயாளிகளில் நூற்றுக்கு 83 பேர் குணமடைந்தார்கள். சற்றும் பயன் பெறாதவர்கள் நூற்றுக்கு 6 பேர்தான். டென்மார்க்கில் பிறந்த இங்கிலாந்து இளவரசி அலெக்சாண்ட்ரா 1900ஆம் ஆண்டு இந்த விளக்குகளில் ஒன்றை லண்டன் மருத்துவமனைக்கு வழங்கினார். இன்றும் அங்குள்ள அவருடைய சிலையின் பீடத்தில், விளக்கைச் சுற்றி நோயாளிகளும் செவிலியரும் இருக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. 1903இல் மருத்துவ நோபல் பரிசு ஃபின்சனுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு இயற்பியல் பரிசு பெற்றவர்கள் பெக்கெரலும் கியூரி தம்பதியரும்; கதிர்களின் ஆண்டு என்றே அதைச் சொல்லலாம். ஃபின்சன் அப்போது சக்கர நாற்காலியில் இருந்தார். ஸ்டாக்ஹோமுக்குப் போக முடியவில்லை. பரிசுப் பணத்தின் ஒரு பகுதியை நிலையத்திற்கே கொடுத்தார். 1904 செப்டம்பர் 24ஆம் நாள், 43 வயதில் காலமானார். பிறர் முகங்களை மீட்ட ஒளி அவருடைய இதயத்தைத் தொட முடியவில்லை.

ஃபின்சன் தம் வெற்றிக்குச் சொன்ன காரணம் சரியாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டு டென்மார்க் ஆய்வாளர்கள் அவர் காலத்துக் கருவிகளை எடுத்து அளந்து பார்த்தார்கள். சோதித்த வில்லைத் தொகுதிகள் 340 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களைக் கடத்தவே இல்லை. வெப்பத்தைத் தடுக்க வைத்த மெத்திலீன் நீலக் கரைசலும் அப்படியே. தோலைத் தொடும் குவார்ட்ஸ் அனுமதித்திருக்கும். ஆனால் கிருமியை நேரே கொல்லும் குறும் புற ஊதா அதற்கு முன்பே வழியில் நின்றுபோயிற்று. பிறகு எது குணப்படுத்தியது? காசக் கிருமிக்குள் போர்ஃபிரின் என்னும் நிறமி இருக்கிறது. 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியை அது நன்றாக உறிஞ்சும்; உறிஞ்சிய ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுத்து, அதைக் கொடிய வினைத்திறன் உள்ள ஆக்சிஜனாக மாற்றும். கிருமி தன் நிறமியாலேயே வெந்து சாகிறது. இதுவே பொருத்தமான விளக்கம் என்று அவர்கள் கருதுகிறார்கள். வில்லைகளில் இருந்த குறை நோயாளிகளின் தோலைக் குறும் புற ஊதாவிலிருந்து காத்தது என்பது வேடிக்கைதான்.

1940-களில் முதலில் வைட்டமின் டி அதிக அளவில் கொடுக்கப்பட்டு ஓரளவு வெற்றி கண்டது. பின் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952இல் ஐசோனியாசிட் வந்தது. காச மாத்திரைகளே தோல் காசத்தையும் ஆற்றிவிட, ஃபின்சன் விளக்குகள் அணைந்தன.

மற்ற ஓநாய்

இப்போது என் மாணவியின் நோய்க்கு வருவோம். ஃபின்சன் நிலையத்தில் லூபஸ் வல்காரிஸுக்குக் கிடைத்த வெற்றிக்குப் பின், வேறு பல தோல் நோய்களுக்கும் ஒளி கொடுத்துப் பார்த்தார்கள். லூபஸ் எரித்திமட்டோசஸும் அவற்றுள் ஒன்று. பெயர் ஒன்றாக இருக்கும்போது விளக்கும் ஒன்றாக இருக்கட்டுமே என்று தோன்றுவது இயல்பு. நூற்றாண்டு கழித்து நானும் அதே தவற்றைச் செய்தேனே! வெயில் பட்டால் இந்நோய் கிளர்ந்தெழுகிறது என்பதை மருத்துவர்கள் அனுபவத்தில் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தார்கள்.

இங்கே கிருமி கிடையாது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றல் தன் உடலின் செல்களையே, அதிலும் செல்லின் உட்கருப் பொருள்களையே, பகையாகக் கருதித் தாக்குகிறது. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹார்கிரேவ்ஸும் உடனிருந்தவர்களும், இந்நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் விந்தையான வெள்ளணுக்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் இன்னொரு செல்லின் உட்கருவை விழுங்கி வைத்திருந்தது. காசக் கோட்பாடு அதோடு ஓய்ந்தது எனலாம்.

இதில் ஒளிக்கு என்ன வேலை? ஓர் ஒளித்துகளின் ஆற்றலை எலெக்ட்ரான்-வோல்ட்டில் கணக்கிட 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும். சோடியம் விளக்கின் 589 நானோமீட்டர் மஞ்சளுக்கு 2.1 வருகிறது. 300 நானோமீட்டர் புற ஊதாவுக்கு 4.1. கார்பன் அணுக்கள் இரண்டைப் பிணைக்கும் பிணைப்பின் வலிமை ஏறத்தாழ 3.6. ஆக, மஞ்சள் ஒளி எவ்வளவு கொட்டினாலும் செய்ய முடியாத இரசாயனக் கேட்டை 300 நானோமீட்டர் ஒளித்துகள் ஒன்றே செய்துவிடக்கூடும். மேல் தோலின் செல்கள் இந்த அடியில் சாகின்றன. சாகும்போது, உள்ளே மறைந்திருக்க வேண்டிய உட்கருப் பொருள்கள் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு இதனால் ஒன்றுமில்லை. குப்பை அள்ளும் செல்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். லூபஸ் உள்ளவருக்கோ அந்தப் பொருள்களைத் தேடும் எதிர்ப்புப் புரதங்கள் இரத்தத்தில் தயாராக இருக்கின்றன. இண்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் பொருள் பெருகுகிறது. தோலில் தொடங்கிய சண்டை சில சமயம் மூட்டுக்கும் சிறுநீரகத்துக்கும் பரவுகிறது. வெயில் பட்ட உடனே அல்ல, பல நாள் கழித்தும் தடிப்பு வரலாம். அதனால்தான் காரணத்தைக் கண்டுகொள்ள இவ்வளவு காலம் பிடித்தது.

தோலில் இது மூன்று விதமாகக் காணும். முதலாவது, ஹெப்ரா சொன்ன வண்ணத்துப்பூச்சி. மூக்குக்கும் வாய்க்கும் இடையே ஓடும் மடிப்பை மட்டும் விட்டுவிட்டுப் படர்வது இதன் அடையாளம். நோய் உடல் முழுவதும் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் வரும், தழும்பு விழாது. இரண்டாவது, மார்பின் மேற்புறம், முதுகு, கை போன்ற வெயில் படும் இடங்களில் வளையம் வளையமாக வருவது. மூன்றாவது, கசெனாவ் கண்ட தட்டு வடிவத் திட்டுகள். முகத்திலும் காதிலும் தலையிலும் வந்து, தழும்பாகி, தலையில் வந்த இடத்தில் முடியை நிரந்தரமாக உதிர்த்துவிடும். உடல் முழுவதும் பரவும் லூபஸ் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அவர்களில் இளம் வயதினரே மிகுதி.

‘சிவந்த லூபஸ்’ என்னும் பெயரில் இன்னொரு பொறியும் இருக்கிறது. இது வெள்ளைத் தோலைப் பார்த்து வைத்த பெயர். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியும். தட்டுத் திட்டு நடுவில் வெளுத்து ஓரத்தில் கறுத்துக் காணும். கன்னத்தில் வந்தால் மங்கு என்பார்கள். வெளுத்த திட்டைக் கண்டு தொழுநோயோ என்று அஞ்சுவார்கள். மூலிகையும் களிம்புமாக மாதங்கள் போய்விடும். வெயிலில் போனால் கன்னம் தடித்து, கூடவே மூட்டு வலியும் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் முடி கொட்டுவதும் இருந்தால், அழகு நிலையத்திற்குப் போக வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

மலேரியா மருந்து வந்த வழி

மருந்தின் கதையும் நேர்வழியில் நடந்ததல்ல. 1894ஆம் ஆண்டு லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பெய்ன் என்பவர், லூபஸ் எரித்திமட்டோசஸுக்குக் கொயினா கொடுத்ததில் பலன் கண்டதாக எழுதினார். சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் அதே கொயினாதான். நம் நீலகிரியில் 1860-களில் சின்கோனா பயிரிட்டது மலேரியாவுக்காக. அந்தப் பட்டைக்கு இப்படி ஒரு வேலையும் உண்டென்று அன்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் கொயினா கிடைக்காமல், மெபாக்ரின் என்னும் மஞ்சள் மாத்திரையைப் படைவீரர்களுக்குக் கொடுத்தார்கள். 1951இல் பேஜ் என்னும் ஆங்கில மருத்துவர் 18 லூபஸ் நோயாளிகளுக்கு மெபாக்ரின் கொடுத்து, பெரும்பாலோருக்குத் தோல் தெளிந்ததை அறிவித்தார். உடம்பே மஞ்சளாகிவிடும் என்பதுதான் தொல்லை. அதன் உறவான குளோரோகுயின் வந்தது. பிறகு அதைவிட நஞ்சு குறைந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் 1955இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எழுபது ஆண்டுகள் ஆகியும் லூபஸ் மருத்துவத்தின் அடித்தளம் இந்த மாத்திரைதான். செல்லுக்குள் குப்பையைச் செரிக்கும் சிறு பைகளின் அமிலத்தன்மையைக் குறைத்து, அங்கே உட்கருப் பொருள்களைக் கண்டு எழும் அபாய அறிவிப்பை இது அடக்குகிறது. வேலை செய்யச் சில வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். பலன் இல்லையென்று நடுவில் நிறுத்துபவர்களே ஏமாறுகிறார்கள். நீண்ட காலத்தில் விழித்திரையைக் கெடுக்கக்கூடும் என்பதால், நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாமல் கொடுத்து, கண்ணை அவ்வப்போது சோதிக்கிறார்கள். திட்டுகளின் மேல் தடவக் கார்டிசோன் வகைக் களிம்புகள் 1952 முதல் உள்ளன. முகத்தில் அதிக நாள் தடவினால் தோல் மெலிந்துவிடும் என்பதால் மருத்துவர் சொன்ன அளவுக்கு மிஞ்சக் கூடாது. நோய் உள்ளுறுப்பைத் தாக்கினால் ஸ்டீராய்டு மாத்திரைகளும் எதிர்ப்பாற்றலை அடக்கும் பிற மருந்துகளும் உண்டு. இண்டர்ஃபெரான் வந்து பற்றும் ஏற்பியையே அடைக்கும் அனிஃப்ரோலுமாப் என்னும் ஊசி மருந்து 2021இல் வந்தது; விலைதான் நம்மை அச்சுறுத்துகிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை லூபஸ் நோயாளிகள் மறக்க மாட்டார்கள். கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கேட்கும் என்னும் பேச்சு கிளம்பியதும், ஒன்றுமில்லாதவர்களும் வாங்கிப் பதுக்கினார்கள். பல நாடுகளில், ஆண்டுக்கணக்கில் அதை உண்டு வந்தவர்களுக்கு மருந்துக் கடையில் கிடைக்கவில்லை. மாத்திரையைப் பெருமளவில் செய்யும் நம் நாடு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அதனால் பயனில்லை என்பதை அதே ஆண்டு ஜூனில் பெரிய சோதனை ஒன்று காட்டியது.

இத்தனை மருந்து இருந்தாலும் வெயிலைத் தடுக்காவிட்டால் பயன் பாதிதான். இங்கே இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி. குடை பிடித்தால் போதும் என்று எண்ணுகிறோம். வானம் ஏன் நீலமாக இருக்கிறது? குறுகிய அலைகளைக் காற்று மிகுதியாகச் சிதறடிப்பதால். அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்கு. 600 நானோமீட்டர் செந்நிறத்தைவிட 300 நானோமீட்டர் புற ஊதா அத்தனை மடங்கு சிதறுகிறது. ஆகவே நேர் வெயிலைக் குடை மறைத்தாலும், நீல வானம் முழுவதிலிருந்தும் புற ஊதா பக்கவாட்டில் வந்துகொண்டே இருக்கிறது. நெருக்கமாக நெய்த முழுக்கைத் துணியும், கண்ணுக்குத் தெரியும் தோலில் மருத்துவர் சொன்ன வெயில் காப்புக் களிம்பும் சேர்ந்தால்தான் காப்பு. பேருந்தின் சன்னல் கண்ணாடி 320-க்குக் கீழே உள்ளதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். அதற்கு மேற்பட்டதை விட்டுவிடும். லூபஸைத் தூண்ட அதுவும் போதும். கறுத்துப்போய்விடுவோம் என்று அஞ்சி மூடிக்கொள்கிறாள் என இப்பெண்களைக் கேலி செய்பவர்கள் உண்டு. எங்கள் வகுப்பிலும் செய்தார்கள்.

எங்கள் பாதரச விளக்கின் கண்ணாடிக் குமிழ் 254 நானோமீட்டர்க் கதிரை நிறுத்திவிடுகிறது. ஆனால் பாதரசத்திற்கு 365-இல் வலிமையான ஒரு கோடு உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் எந்த மாணவரும் அதைப் பதிவேட்டில் எழுதுவதில்லை. அது கண்ணாடியைத் தாண்டி வெளியே வருகிறது. அவள் வாசலில் நின்றது சரிதான்.

அடுத்த வாரம் அவளைக் கூப்பிட்டு, நான் சொன்னது வேறு லூபஸ் என்று சொன்னேன். “பரவாயில்லை சார், என் சித்தப்பாவும் அப்படித்தான் சொன்னார்” என்றாள். அறையின் மறுகோடியில் சோடியம் விளக்கு மேசையை அவளுக்கு ஒதுக்கி, பாதரச விளக்குக்கு அட்டையால் மறைப்பு கட்டினோம். கீற்றணியை வைத்து அவள் கண்டுபிடித்த அலைநீளம் 5890 ஆங்ஸ்ட்ராமுக்கு மிக அருகில் இருந்தது. அந்தக் குழுவில் அதுவே சிறந்த அளவீடு.